கோயில் பதிவேடுகள்: ஒரு பக்கத்தையும் விடக்கூடாது

அன்பான ஊரவர்களுக்கு,

நம் ஊர்க் கோயிலின் பழைய ஞானஸ்நான, விவாகப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பாதுகாக்க வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன். பாரிஸ் தம்பி ஊருக்குப் போய்வந்து அனுப்பிய படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1870களின் ஞானஸ்நானப் புத்தகத்தில் கிழிந்த பக்கமொன்றுக்கு யாரோ செலோடேப் ஒட்டியிருக்கிறார்கள். பசை பழுப்பேறிப் பிள்ளையின் பெயரையும், ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்திய ஞானத்தாயின் பெயரையும் மூடிவிட்டது. பக்கத்துத் தாளில் மை காகிதத்தை அரித்து, எழுத்து இருந்த இடமெல்லாம் துளை. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் சனம் உடுத்த உடுப்போடு நடந்தபோது, இந்தப் புத்தகங்களைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவர் கோயில் பணியாளரான பழைய சக்கிடுத்தார். அவர் காப்பாற்றியதை அலுமாரிக்குள் வைத்துச் செல்லரிக்க விட்டிருக்கிறோம்.

இந்த வேலைக்குக் குடும்பத்துக்கு 25 பவுண்ஸ் என்று கேட்டதற்கு, நம் ஊர்ச் சங்கப் பொருளாளர் அண்ணா, மணிக்கூட்டுக் கோபுரக் கணக்கு முடியாமல் புதிய சேர்ப்பு வேண்டாம் என்கிறார். கோபுரக் கணக்கை நானும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் கோபுரம் காத்திருக்கும், காகிதம் காத்திருக்காது. இந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு, தனிப் பற்றுச்சீட்டு வைப்போம். ஆயர் இல்லத்தின் எழுத்து அனுமதி வரும்வரை ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். புத்தகங்கள் பங்கின் சொத்து. அவை கோயிலை விட்டு வெளியே போகவே கூடாது.

"இணையத்தில் தேடினால் பேரன் பூட்டன் எல்லாம் வரும், இந்தச் செலவு எதற்கு?" என்று மெல்பேர்ன் அக்கா கேட்டிருந்தார். அக்கா, தேடிப் பாருங்கள். இராயப்பு என்று தேடினால் ஒருவரும் வரமாட்டார், ஏனென்றால் லத்தீனில் எழுதிய புத்தகத்தில் அவர் பேத்துருஸ். முடியப்பு ஸ்தேபானுஸ் ஆகியிருப்பார். சந்தியாப்பிள்ளையும் யாகப்பரும் ஒரே யாக்கோபுஸுக்குள் இருப்பார்கள். 1847இல் வந்திறங்கிய அமலமரித் தியாகிகள் சபைச் சுவாமிமார் நம் வீட்டுப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். எங்கள் ஊரில் ஒரே தலைமுறையில் எத்தனை சூசைப்பிள்ளைகள்! ஞானத்தகப்பன், ஞானத்தாய் யார் என்று பார்த்துத்தான் எந்தச் சூசைப்பிள்ளை எந்த வளவுக் குடும்பம் என்று பிரிக்க முடியும். பெண்பிள்ளைகள் கட்டிக்கொண்டு போன ஊரைக் கண்டுபிடிக்க ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். 1908க்குப் பிறகு, எங்கே கல்யாணம் நடந்தாலும் அதை ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் புத்தகத்தில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெறுமதியானது விவாகப் புத்தகம். நம் சனம் மச்சான் மச்சாள் முறையில் கட்டியவர்கள். 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு வரும்வரை நாலாம் தலைமுறை உறவு வரைக்கும் கோயிலில் தடை இருந்தது. அதனால் விலக்குக் கேட்டு, எத்தனையாம் தலைமுறை உறவு என்று எழுதிவைத்தார்கள். அந்த ஒரு வரி போதும், இரண்டு வளவுகளுக்கும் பொதுவான பூட்டன் இருந்தார் என்று தெரிந்துவிடும். பழைய காணிப் பதிவான எந்தத் தோம்பிலும் இது கிடைக்காது.

இனிப் பெரியவளவு மச்சானுக்கு. தகப்பன் பெயர் இல்லாத பதிவுகளைப் படமெடுக்காமல் விட வேண்டும், ஊரின் மானம் போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிவுகளில் ஒன்று என் பூட்டியுடையது. தகப்பன் இடத்தில் ஒரு கோடு. எங்கள் அம்மம்மா சாகும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் பூட்டியின் விவாகப் பதிவில், மாப்பிள்ளைக்கும் அவருக்கும் மூன்றாம் தலைமுறை இரத்த உறவு, அதற்கு விலக்கு என்று சுவாமியார் எழுதியிருக்கிறார். மாப்பிள்ளை, மீன்பிடி வள்ளம் வைத்திருந்த சம்மாட்டியார் வீடு. பூட்டியின் தாய் வழியில் அந்த வீட்டோடு ஒரு உறவும் கிடையாது. தகப்பன் எந்த வீடு என்று ஊருக்கும் தெரியும், சுவாமியாருக்கும் தெரியும், புத்தகத்தில் எழுத மட்டும் ஆள் இல்லை. அந்தக் கோட்டுக்காக எங்கள் வீட்டுப் பெண்களைத் திருநாளில் புனிதரின் சுருவம் தூக்கும் வீடுகள் ஒதுக்கிவைத்தது உங்களுக்குத் தெரியாததல்ல. இப்போது அந்தப் பக்கத்தையும் இல்லாமல் செய்யச் சொல்கிறீர்கள். மானம் போனது எங்களுக்கு மச்சான், உங்களுக்கு அல்ல. உங்கள் அப்பாவின் அந்தியேட்டிக்கு வந்து சமைத்ததும் அந்த வீட்டுப் பெண்கள்தான்.

உயிரோடிருப்பவர்களின் விவரத்தைப் பொதுவில் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அண்மைக்காலப் பதிவுகளை ஆயர் இல்லம் பூட்டி வைத்திருக்கட்டும். ஆனால் படமெடுக்கும்போது அட்டையிலிருந்து அட்டை வரை, வெற்றுப் பக்கங்கள் உட்பட, ஒழுங்கு மாறாமல் எடுக்க வேண்டும். கமரா நிலைத்தாங்கியில் இருக்கட்டும், பிளாஷ் வேண்டாம். லமினேட் செய்வதாகச் சொல்லும் எவரையும் கிட்ட விடவேண்டாம். பிரதி ஒன்று பங்கில், ஒன்று ஆயர் இல்லத்தில், ஒன்று சங்கத்தில்.

பாரிஸ் தம்பி, அந்த ஒட்டுநாடாவை யாரும் உரிக்கக்கூடாது என்று பங்குத்தந்தையிடம் இன்றே சொல்லிவிடுங்கள். பொருளாளர் அண்ணா, தனிக் கணக்கின் இலக்கத்தை அனுப்புங்கள். எங்கள் வீட்டுப் பங்கையும் ஊரில் இருக்கும் மாமியின் பங்கையும் நான் போடுகிறேன்.

மேற்குவளவு மூத்தமகள்
ஸ்காபரோ