எச்ஐவி சப்டைப் சி (வைரஸின் ஒரு வகை) மாதிரிகளில் என்வ் மரபணு சிக்னல் வரவில்லை, உதவி தேவை

வணக்கம். சென்னையில், ஏஆர்டி (எச்ஐவி மருந்து) எடுத்து வைரல் லோடு (ஒரு மில்லி ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) 50-க்குக் கீழே இருப்பவர்களின் ஓய்வுநிலை சிடி4 நோய் எதிர்ப்பு செல்களில் தங்கியிருக்கும் எச்ஐவியை அளக்கிறோம். மருந்து புதுத் தொற்றைத்தான் தடுக்கும். செல்லின் டிஎன்ஏவில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட வைரஸ் மரபணுவை, அதாவது புரோவைரஸைத் தொடாது. செல் பிரியும்போது அதுவும் கூடவே பெருகும். இப்படித் தங்கியிருக்கும் வைரஸ் இருப்பின் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) சுமார் 44 மாதம்.

புரோவைரஸ்களில் பெரும்பாலானவை பழுதானவை. சாதாரண பிசிஆர் அவற்றையும் சேர்த்தே எண்ணிவிடும். அதனால் மாதிரியைப் பல துளிகளாகப் பிரிக்கும் டிஜிட்டல் பிசிஆரில், புரோவைரஸின் இரு பகுதிகளான சை, என்வ் இரண்டும் ஒரே துளியில் ஒளிர்கிறதா என்று பார்க்கிறோம்; ஒளிர்ந்தால் அதைப் பழுதில்லாததாக எண்ணுகிறோம். சை நன்றாக வருகிறது, சிலரின் மாதிரியில் என்வ் அறவே இல்லை. டிஎன்ஏ உடைந்திருந்தால் இரண்டும் தனித்தனித் துளிகளில் வரும், ஒன்று முழுக்கக் காணாமல் போகாது. டிஎன்ஏ உடையாமலிருக்க வோர்டெக்ஸ் (கருவியில் வேகமாகக் குலுக்குவது) செய்வதில்லை, பிப்பெட்டில் அகன்ற முனை டிப்தான். டிஎன்ஏ எவ்வளவு உடைந்தது என்று ஆர்பிபி30 என்ற மனித மரபணுவை வைத்துச் செய்யும் திருத்தமும் உண்டு. மூல முறை சப்டைப் பி-க்கு வடிவமைத்தது, நம் நாட்டில் பெரும்பாலும் சி. புரோப் (இலக்கில் ஒட்டி ஒளி தரும் டிஎன்ஏ துண்டு) சி-யின் வரிசையோடு பொருந்தாததே காரணம் என்று படுகிறது.

ரத்தம் கொடுத்தவர்களை மறுபடி கூப்பிட மனமில்லை. மீதமுள்ள டிஎன்ஏவும் கொஞ்சம்தான். சி-யில் சரியாக வேலை செய்த என்வ் ப்ரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் டிஎன்ஏ துண்டு), புரோப் வரிசை யாரிடமாவது இருந்தால் அனீலிங் வெப்பநிலையோடு (அவை இலக்கில் ஒட்டும் வெப்பநிலை) பகிருங்கள்.