துன்பம் வந்த பிறகு ஜெபிக்கத் திரும்புவது சுயநலமாகுமா?

கேள்வி (காரைக்குடி):
ஆத்தங்குடியில் கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றித் தரைக்கல் வார்க்கும் பட்டறை வைத்திருக்கும் என் தம்பி, ஆர்டர் குறைந்து வட்டி கழுத்தை நெரிக்கும் இந்நேரத்தில் ஜெபிக்க விரும்பியும் கூசுகிறான். நல்ல காலத்தில் தேடாதவனை ஆண்டவர் இப்போது ஏற்பாரா என்று கேட்கும் அவனுக்கு என்ன பதில் சொல்வது?

பதில் 1:
அன்புள்ள ஐயா, விவிலியத்தில் லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதையில், வீட்டை விட்டுப் போய்ச் சொத்தை அழித்த இளைய மகனை வீட்டை நோக்கித் திருப்பியது பசிதான். தகப்பனின் கூலியாட்களுக்குக்கூட நிறைய உணவு இருப்பதை நினைத்தே அவன் எழுந்தான். தகப்பனோ அவன் தூரத்தில் வரும்போதே ஓடிச்சென்று கட்டியணைத்தார். கூலியாளாக வைத்துக்கொள்ளும்படி கேட்க அவன் எண்ணி வந்த வார்த்தை கடைசிவரை அவன் வாயில் வரவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தேவை அவனை அழைத்து வந்ததை அந்தத் தகப்பன் குறையாகவே எண்ணவில்லை.

பதில் 2 (தேவகோட்டை):
ஜெபித்தால் கடன் உடனே தீரும் என்று மட்டும் தம்பியிடம் சொல்லாதீர்கள். விவிலியப் பாடலான 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆயினும் அதைப் பாடியவர் இரவும் பகலும் கடவுளை நோக்கியே கதறுகிறார். ஆகவே உங்கள் தம்பியும் வார்த்தைகளை மெருகேற்றாமல், வட்டிக் கணக்கு உட்பட அனைத்தையும் உள்ளபடியே ஆண்டவரிடம் சொல்லலாம்.

பதில் 3:
போர்ச்சுக்கலிலிருந்து வந்த இயேசு சபைக் குருவான புனித அருளானந்தர் 1693இல் மறைசாட்சியாக உயிர்நீத்த, ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூருக்குத் தம்பியை நீங்களே அழைத்துச் செல்லுங்கள், தனியாக அனுப்பாதீர்கள். கடன் கொடுத்தவரிடம் தவணை கேட்கும்போதும் உடனிருங்கள்.