அரசியல் பேச்சை விட்டு ஒதுங்கிய கதை

மத்திய அரசு வேலைக்காக டெல்லி வந்தவன் நான். ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸிலேயே பாதி ஆயுள் போயிற்று. நாடாளுமன்றம் கூடினால் எனக்குத் திருவிழா. யாரையாவது பிடித்துப் பார்வையாளர் பாஸ் வாங்கிவிடுவேன். கேள்வி நேரத்தில் துணைக்கேள்வி வந்து அமைச்சர் கோப்பைப் புரட்டும் அந்த நிமிடத்துக்காகவே போவேன். பட்ஜெட் கணக்கை வைத்தே அரசை மடக்குவார் என்று எம்.பி.யாக இருந்த இரா. செழியனைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன்.

1999 ஏப்ரல் 17-ஐ மறக்கவே முடியாது. அன்று பக்கத்து வீட்டு நண்பர் எங்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வாஜ்பாய் என்றால் உயிர். நான் எதிர்ப்பக்கம். வாஜ்பாய் அரசு கேட்ட நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே வாக்கில் ஆட்சி போனது. அவர் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் எழுந்து போகவில்லை. ஒடிசா முதல்வராகிவிட்ட கிரிதர் கமாங், எம்.பி. பதவியை விடாமல் வந்து வாக்களித்தாரே, சபாநாயகர் பாலயோகியும் அதை அவர் மனசாட்சிக்கே விட்டாரே, அது முறையா என்று இருட்டும்வரை வாதாடினோம். "சட்டம் இடம் கொடுக்குது சார், ஆனா மரபு கொடுக்கலையே" என்றார். நியாயமான பேச்சு. என் பக்கம் ஜெயித்திருந்தும் அதை ஒப்புக்கொண்டேன்.

அப்புறம் 2023 டிசம்பர். மக்களவைக்குள் ஆட்கள் குதித்த சம்பவத்துக்கு உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அந்தக் கூட்டத்தொடரில் மொத்தம் 146 எம்.பி.க்கள் இடைநீக்கம். அதற்கு நடுவில்தான் 1860-இன் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றான மசோதா நிறைவேறியது. இவ்வளவு பெரிய சட்டத்தை இத்தனை காலி இருக்கைகளோடு நிறைவேற்றலாமா என்று பூங்காவில் நடக்கும்போது கேட்டேன். பதில் வரவில்லை. "நீங்க எந்தக் கட்சி? முதல்ல அதைச் சொல்லுங்க" என்றார் ஒருவர். பழைய நண்பருக்கு எழுதினேன். அவரும் யாரோ எழுதியதை ஃபார்வர்டு செய்தார், அவ்வளவுதான். கமாங்கைப் பற்றி அவ்வளவு நேரம் பேசிய மனிதர்! அதற்குப் பிறகு பேப்பரில் நாடாளுமன்றச் செய்தியைப் படிப்பதே இல்லை.

மறுமொழி, மயூர் விஹாரிலிருந்து:

சார், பேசுவதற்கான நாளே குறைந்துபோனதையும் சொல்ல வேண்டும். முதல் மக்களவை 677 நாள் கூடியது. ஐந்தாண்டும் முழுதாக இருந்த 17-ஆவது மக்களவை 274 நாள்தான். அதில் துணை சபாநாயகரைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை.

என் மகன் பள்ளியில் மாதிரி நாடாளுமன்றம் நடத்தினார்கள். எதிர்க்கட்சிப் பிள்ளைகள் எழுந்ததும் நடுவில் ஓடிவந்து கோஷம் போட்டார்கள். அமைச்சராக நடித்த பையன் கேள்வியைக் காதில் வாங்காமலேயே அவர்களைத் திட்ட ஆரம்பித்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, டிவியில் பார்த்ததுதான். பெற்றோர் வரிசையில் பலர் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.