பெங்களூரு தண்டில் (ராணுவக் குடியிருப்பான கன்டோன்மென்டில்) இருந்த கொள்ளுத்தாத்தா: ஞானஸ்நானப் பதிவை எங்கே தேடுவது?

கேள்வி: 1890களில் தண்டில் வேலை பார்த்த தமிழ்க் கிறிஸ்தவர். விதான சௌதாவில் உள்ள மாநில ஆவணக் காப்பகம் மட்டும் போதுமா?

பதில்: போதாது சார். 1881இல் மைசூர் அரசு மகாராஜாவிடம் திரும்பிய பிறகும், தண்டு 1947 வரை பிரிட்டிஷ் ரெசிடென்ட் (பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி) கையில்தான் இருந்தது. டெல்லி ஜன்பத் தேசிய ஆவணக் காப்பகத்தையும் பாருங்கள். முதலில் அந்தக் காப்பகத்தின் இணையதளமான அபிலேக் படலில் 'மைசூர் ரெசிடென்சி' என்று தேடி, கோப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில்: லண்டன் பிரிட்டிஷ் நூலகத்து என்/2 வரிசையில் சென்னை மாகாணத் தேவாலயப் பதிவேடுகளின் பிரதிகள் உண்டு. பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பெயர்கள்தான். நம்மவர்களுக்கு அந்தந்தத் தேவாலயத்தின் மூலப் பதிவேடுதான் கதி; பங்குத்தந்தையிடம் எழுத்தில் கேளுங்கள்.

பதில்: பெயரை மட்டும் நம்பாதீர்கள். காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். முத்துசாமி 'மூட்டூசாமி' ஆகியிருக்கலாம். அப்பா பெயர், ஞானப்பெற்றோர், தேதி எல்லாம் ஒத்துப்போகிறதா பாருங்கள்.