பார்க்கின்சன் நோய்க்கான மூளைத் தூண்டலுக்குப் பிறகு நடை நிதானப்பட்டதா? உங்கள் அனுபவம் என்ன?

வைகைமகள்:
லெவோடோபா மாத்திரையால் அப்பாவின் கைநடுக்கம் அடங்கியது. திரும்பும்போது தள்ளாடுவது அடங்கவில்லை. எனவே உப்புநீரில் நனைத்த பஞ்சு மின்முனைகளைத் தலையில் வைத்து, 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை 20 நிமிடம் செலுத்தும் சிகிச்சைக்குச் சம்மதித்தோம். தொடங்குமுன் மருத்துவர் பின்னால் நின்று தோள்களைச் சட்டென இழுத்தபோது, அப்பா ஓரடிகூடப் பின்வைக்காமல் வெட்டிய வாழையாய் அவர் கைகளில் சாய்ந்தார். அமர்வுகள் முடிந்தபின் அதே சோதனையில் தடுமாறிப் பின்வாங்கினாலும், யாரும் தாங்காமல் நின்றுவிட்டார். "நின்னுட்டேன், பாத்தியாம்மா?" என்றார். கூடவே நடைப்பயிற்சியும் தந்தார்கள் என்பதால், அவரை நிறுத்தியது மின்சாரமா பயிற்சியா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
எனக்குச் செய்தது காந்தத் தூண்டல். உச்சந்தலையில் சுருளை வைத்து ஒரு துடிப்பு கொடுத்ததும் என் வலது பாதம் தானாக எகிறியது. வாசற்படி வந்தால் எவ்வளவு முயன்றாலும் தரையோடு ஒட்டிக்கொள்ளும் அதே பாதம் அது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சில வாரங்கள் நிதானமாக நடந்தேன், பிறகு பழைய நிலை திரும்பியது. மகளே, தூண்டல்தான் வேலை செய்தது, ஐயம் வேண்டாம்.

இயன்முறை மருத்துவர்:
ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், இதை என்னால் ஏற்க இயலவில்லை. பாதம் எகிறியது, மூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து கால்வரை பாதை இருப்பதையே காட்டுகிறது. சமநிலைக்குச் சிறுமூளையும் மூளைத்தண்டும் சேர்ந்து உழைக்க வேண்டும். நான் பணிபுரிந்த ஓர் ஆய்வில், ஒருவர் கைத்தடியை என்னிடமே நீட்டி, இனி இது வேண்டாம் என்றார். பின்னர் யாருக்கு எது தரப்பட்டது என்ற பட்டியலைத் திறந்தபோது, அவருக்குக் கிடைத்தது போலித் தூண்டல் என்று தெரிந்தது. தொடக்கத்தில் சற்று நேரம் மட்டும் மின்சாரம் செலுத்தி, தோலில் குறுகுறுப்பை உண்டாக்கி நிறுத்திவிடும் முறை அது. அவர் முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. மின்சாரத் தூண்டலுக்கான சான்று போதாது என்றே மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2016ஆம் ஆண்டு மதிப்பாய்வும் கூறியது.

சகோதரி, தூண்டலுக்கு முன்னும் பின்னும் நடத்தும் சோதனைகள், மாத்திரை போட்டு அதே அளவு நேரம் கழிந்த பிறகு, அதே மருத்துவரால் செய்யப்பட வேண்டும்; இல்லையெனில் மருந்தின் ஏற்ற இறக்கத்தையே முன்னேற்றம் என எண்ணிவிடுவோம். பேஸ்மேக்கர், மூளைக்குள் பொருத்திய ஆழ்மூளைத் தூண்டல் கருவி, மண்டையோட்டில் உலோகம், முன்பு வந்த வலிப்பு ஆகியவற்றைக் காந்தத் தூண்டலுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இணையத்தில் விற்கும் மின்தூண்டல் கருவியை வாங்கி வீட்டில் பொருத்தாதீர்கள். நடைப்பயிற்சியை மட்டும் எக்காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள்; நின்ற இடத்திலேயே சுழலாமல், அகலமாக வளைந்து திரும்ப அப்பாவைப் பழக்குங்கள்.