டப்ளின் பஞ்சச் சிலைகள்: பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

லிஃபிக்கரை:
1840-களில் அயர்லாந்தில் வந்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஊரை விட்டுக் கப்பல் ஏறப் போனவர்களின் நினைவாக, டப்ளின் லிஃபி ஆற்றங்கரையில், கஸ்டம் ஹவுஸ் கீயில் ரோவன் கில்லெஸ்பி செய்த சிலைகளைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடமாக அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். பீடம் இல்லை, வேலி இல்லை. நடக்கிற கூட்டத்தில் அவர்களும் நடக்கிறார்கள். போன நவம்பரில், தூறல் விழுந்த ஒரு காலையில், மூட்டையை நெஞ்சோடு அணைத்திருக்கும் சிலையின் முன் ஒரு வயதானவர் நின்றார். பையிலிருந்து சோடா ரொட்டியை எடுத்து, பாதியாகப் பிட்டு, ஒரு பாதியை அந்த மூட்டைக்கும் வெண்கலக் கைக்கும் நடுவே செருகினார். மீதியை அவரே தின்றுகொண்டு போய்விட்டார்.

மாலையில் திரும்பும்போது ரொட்டி ஊறிப்போயிருந்தது. ஒரு கடற்புறா அதைக் கொத்தி இழுத்துக்கொண்டிருந்தது. நம் ஊரில் படையலைக் காக்கை தொட்டால்தான் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே ஏன் எனக்கு அப்படி வலித்தது? பறவையை விரட்டவும் மனம் வரவில்லை, விட்டுவிட்டு வரவும் முடியவில்லை.

வல்வை மகள்:
நீங்கள் பார்த்தது புறப்படும் பக்கம். இறங்கின பக்கம் இங்கே டொராண்டோவில் இருக்கிறது. அதே சிற்பி செய்தது, 2007-இல் திறந்த அயர்லாந்து பூங்கா, தீவு விமான நிலையத்துக்குப் போகும் படகுத்துறைக்குப் பக்கத்தில். 1847-இல் இந்த நகரத்தின் சனத்தொகை இருபதாயிரம் அளவில்தான். அந்த ஒரு வருடத்தில் வந்து இறங்கியவர்கள் 38,000 பேர். அதில் ஆயிரத்து நூறுக்கு மேல் இங்கேயே செத்துப்போனார்கள். தெரிய வந்த பெயர்களை அயர்லாந்தின் கில்கெனியிலிருந்து கொண்டுவந்த சுண்ணாம்புக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஆள். இரண்டு கையையும் மேலே தூக்கி நிற்கிற மனிதனின் சிலையைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். அப்பா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நிலத்தில் விழுந்து கிடக்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் குந்தி இருந்தார். கன நேரம். பிறகு என்னைப் பார்த்து, "இவ பிறகு எழும்பினவவோ, பிள்ளை?" என்று கேட்டார். என்ன பதில் சொல்ல? "குளிருது, போவம் அப்பா" என்றேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

இரவுப்பணி:
நான் கார்க் பக்கம், நர்ஸ். லிஃபிக்கரை, உங்களைத் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் எலும்பும் தோலுமாகச் செய்து காட்டினால்தான் நமக்கு உறைக்குமா? பசித்தவரின் மானத்தை யார் காப்பது? எங்கள் பக்கத்து மிடில்டனில் அலெக்ஸ் பென்டெக் செய்ததைப் போய்ப் பாருங்கள். ஒன்பது கழுகு இறகுகள், ஒவ்வொன்றும் இருபது அடி உயரத்துக்குத் துருப்பிடிக்காத எஃகில். சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டுப் பாதையெங்கும் ஆட்களைப் பறிகொடுத்த சாக்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள், பதினாறு வருடம்கூட ஆகாத நிலையில், 1847-இல் 170 டாலர் சேர்த்து முகம் தெரியாத அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். அதற்கான நன்றி அது. இறகுகள் வட்டமாக வளைந்து நிற்கும். என் மகள் நடுவில் புல்லில் படுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, சாப்பாட்டுக் கிண்ணத்துக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு" என்றாள். அது காலிக் கிண்ணம் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மலைக்கோட்டை:
இரவுப்பணி அக்கா, இறகு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எலும்பை மறைத்துவிட்டால், அது எலும்பாகக் காரணமானவர்களும் சேர்ந்து மறைந்துவிடுவார்கள். உருளைக்கிழங்கை அழித்தது பூஞ்சை மாதிரியான ஒரு நோய். பத்து லட்சம் பேர் செத்தது அதனால் மட்டும் இல்லை. அந்த வருடங்களிலும் தானியம் கப்பல் ஏறி வெளியே போனது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தால் நிவாரணம் கிடையாது என்று 1847-இல் சட்டமே போட்டார்கள். லண்டன் கஜானாவில் இருந்துகொண்டு நிவாரணத்தை இறுக்கிப் பிடித்த சார்லஸ் ட்ரெவெல்யன், 1859-இல் மதராஸுக்கே கவர்னராக வந்தார். இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

நியூயார்க்கில் பிரையன் டோல் 2002-இல் அமைத்த நினைவிடத்தில்தான் எனக்கு இது உறைத்தது. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்திலிருந்து ஒரு கூரையில்லாத வீட்டைக் கல் கல்லாகப் பெயர்த்துவந்து, வானளாவிய கட்டிடங்களுக்கு நடுவே வைத்திருக்கிறார். சுற்றிலும் அந்தக் கால் ஏக்கர். ஓரத்திலிருந்து ஓரம் நடந்து பார்த்தேன், மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிட்டது. இந்தத் துண்டு நிலத்தை விட்டால்தான் கஞ்சி. விட்டால் பிறகு எங்கே போவது?

கடலோடி:
டப்ளின் சிலைகளுக்குப் பக்கத்தில், பஞ்ச காலத்தில் ஆட்களை ஏற்றிப்போன ஜீனி ஜான்ஸ்டன் கப்பலின் மாதிரி நிற்கிறது, அதன் அடித்தட்டில் இறங்கினேன். ஒரே படுக்கையில் நான்கைந்து பேர். ஐந்து நிமிடத்தில் மேலே வந்துவிட்டேன். என் கதை அவ்வளவுதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். சிலைகளைக் காலை எட்டு மணிக்கு முன்னால் பாருங்கள், பிறகு கூட்டம் வந்துவிடும். கடைசியில் வரும் எலும்பு துருத்திய நாயை விட்டுவிடாதீர்கள். அப்புறம் கப்பல். அசல் ஜீனி ஜான்ஸ்டன் 1848 முதல் 1855 வரை பதினாறு முறை அட்லாண்டிக்கைக் கடந்தது, ஒரு பயணியும் சாகவில்லை. அதை மட்டும் பார்த்துவிட்டு எல்லாக் கப்பலும் இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது, வழியில் நிறையப் பேர் செத்த கப்பல்களைச் சவப்பெட்டிக் கப்பல் என்றே சொல்வார்கள். அதனால் ஒரு நாள் ஒதுக்கி மேற்கே வெஸ்ட்போர்ட்டுக்கு ரயில் ஏறுங்கள். அங்கிருந்து மர்ரிஸ்க் பக்கம்தான். ஜான் பீஹன் செய்த வெண்கலச் சவப்பெட்டிக் கப்பல் க்ரோ பேட்ரிக் மலையடியில் இருக்கிறது. பாய்மரக் கயிறு இருக்க வேண்டிய இடத்தில் எலும்புக்கூடுகள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முதலில் விஷயத்தைச் சொல்லிவிட்டு அப்புறம் காட்டுங்கள். மழைக்கோட்டு கட்டாயம். ரொட்டி வைக்க யாருக்காவது தோன்றினால், வைக்க வேண்டாம், பக்கத்தில் தெருவில் படுத்திருப்பவரிடம் கொடுங்கள்.

லிஃபிக்கரை:
கடலோடி அண்ணா, அந்தப் பெரியவர் மீதிப் பாதியைத் தானே தின்றார் என்று எழுதியிருந்தேனே. யாருக்கோ தானம் கொடுத்த மாதிரி இல்லை அது. கூட உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது.

வல்வை மகள், அப்பாவை மறுபடி ஒருமுறை கூட்டிப்போவீர்களா?

இன்னொன்று. அந்தப் பெரியவருக்குப் பழுப்புத் தொப்பி, இடது கையில் ஊன்றுகோல், அயர்லாந்தின் மேற்குக் கடற்கரைப் பேச்சு. காலை ஏழே முக்கால் வாக்கில் பாலத்துப் பக்கமிருந்து வந்தார். யாராவது பார்த்தால் எழுதுங்கள். அன்றைக்கு அப்புறம் நான் பார்க்கவே இல்லை.