தாத்தா டப்பாவில் ஐந்து சென்ட் காசு: தங்கமா, முலாமா?

கம்பத்துக்காரன்: குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த தாத்தாவின் தகர டப்பாவில், திருவிதாங்கூர் சமஸ்தானத்துச் சக்கரக் காசுகளோடு ஒரு அமெரிக்கக் காசு கிடந்தது. 1883, ஒரு பக்கம் பெண் தலை, மறுபக்கம் பெரிய V, மஞ்சளாக மின்னுகிறது. தங்கமா? புளி போட்டுத் தேய்த்துப் பார்க்கட்டுமா?

பழங்காசு: ஐயோ, புளியைத் தொடாதீர்கள், இருக்கிற மதிப்பும் போய்விடும்! V-க்குக் கீழே சென்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா?

கம்பத்துக்காரன்: இல்லை. நகைக்கடைத் தராசில் 5 கிராம் காட்டியது.

பழங்காசு: அப்போ இது நிக்கல் என்று சொல்லப்படும் ஐந்து சென்ட் காசுதான், 75 சதவீதம் செம்பு, மீதி நிக்கல். அந்த வருஷம் முதலில் வந்ததில் V, அதாவது ரோமன் எண்ணில் 5, மட்டும்தான் இருந்தது, சென்ட்ஸ் இல்லை, அளவும் 5 டாலர் தங்கக் காசுக்குக் கிட்டத்தட்ட இருந்ததால் சில எத்தர்கள் தங்க முலாம் பூசி 5 டாலர் என்று தள்ளிவிட்டார்கள். அதே வருஷமே சென்ட்ஸைச் சேர்த்துவிட்டார்கள். நிஜத் தங்கக் காசு 8.36 கிராம், விளிம்பில் கோடுகள் இருக்கும். ஆனால் விளிம்பை மட்டும் நம்பாதீர்கள், எத்தர்கள் அதையும் கீறியிருக்கிறார்கள்.

கம்பத்துக்காரன்: விளிம்பு வழுவழு. சரி, விலை?

செங்கோட்டை மாமா: பெரிதாக ஒன்றும் தேறாது தம்பி, அப்போது பலரும் எடுத்துப் பத்திரப்படுத்தியதால் நிறையக் கிடைக்கிறது, முலாம் அன்றே பூசியதா நேற்றுப் பூசியதா என்பதும் லேசில் தெரியாது. சேகரிக்க ஆசையென்றால் 1873 வரை அடித்த வெள்ளி ஐந்து சென்டைத் தேடுங்கள், சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அப்புறம், அந்தச் சக்கரங்களைப் படம் எடுத்துப் போடுங்களேன்.